காவிரிப் படுகையில் இசைத்தட்டுக் கருவிகளும் அவற்றின் பழுதுநீக்கமும்

இசைத்தட்டை மாறாத வேகத்தில் சுழலச்செய்து, அதன் பள்ளங்களில் பதிந்துள்ள ஒலியை ஊசிமுனை வழியாக வெளிக்கொணரும் கருவி இசைத்தட்டுச் சுழற்றி ஆகும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் இக்கருவி முதலில் சுருள்வில்லாலும், பின்னர் மின்மோட்டாராலும், அதன் பின்னர் மின்னணுச் சில்லுகளாலும் இயங்கியது. சுருள்வில் ஒடிந்தால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடிந்தது. மோட்டாரின் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்தால் லேத் பட்டறை கைகொடுத்தது. சில்லு கெட்டபோதுதான் வேலை நின்றது. அந்தச் சில்லைச் செய்த நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. படுகையின் பழைய இசை இந்தத் தட்டுகளில் இருப்பதால், இதை வெறும் இயந்திரப் பழுது என்று ஒதுக்கிவிட முடியாது.

பெயர்கள்

ஏடுகளில் இசைத்தட்டு என்றும் வானொலியில் அதே பெயரிலும் வழங்கியதை மக்கள் 'ரிக்கார்டு' என்றும் 'பிளேட்டு' என்றும் சொன்னார்கள். சாவி கொடுத்து இயக்கும் பெட்டி கிராமபோன். மின்சாரத்தில் ஓடுவது ரிக்கார்டு பிளேயர். ஒலிபெருக்கி, குழாய் ஸ்பீக்கர், ரிக்கார்டு பிளேயர் எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு மைக்செட், ரேடியோ செட் என்று பெயர். தொகுசுற்று என்று பாடநூல் சொல்லும் பொருளைப் பழுதுபார்க்கும் கடைகளில் 'ஐ.சி.' என்றோ 'சிப்' என்றோதான் கேட்க வேண்டும். இக்கட்டுரையிலும் அச்சொற்களே வரும்.

சாவி கொடுத்த காலம்

எமில் பெர்லினர் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றது 1887இல். கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவில் இந்தியக் கலைஞர்களை முதன்முதலாகப் பதிவுசெய்தார். சில ஆண்டுகளில் சென்னையிலும் பதிவுகள் நடந்தன. தொடக்கத்தில் தட்டுகள் செர்மனியின் ஹானோவர் நகரில் அச்சிடப்பட்டுக் கப்பலில் வந்தன. 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை வந்தது. 1930களில் சென்னை இசைத்தட்டு வணிகம் சூடுபிடித்தது. ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளுடன் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் முத்திரைத் தட்டுகளை வெளியிட்டது இக்காலத்தில்தான்.

இத்தொழிலுக்குக் காவிரிப் படுகை கொடுத்தது குரல்களையும் வாத்தியங்களையும். மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர், கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் ஈ.எம். ஹனிபா என்று பட்டியல் நீளும். எல்லாருக்கும் முன்னே நிற்பது திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி ராகத் தட்டு. கோயில் வீதியில் மணிக்கணக்காகத் தோடி வாசித்த அவர், கொலம்பியா தட்டுக்காக அதைச் சில நிமிடங்களில் அடக்க வேண்டியிருந்தது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம், கொஞ்சம் நெருக்கினால் இன்னும் சில நொடிகள், அதற்குமேல் இடமில்லை. நாகசுவரத்தை நேரில் கேட்க வாய்ப்பில்லாத ஊர்களிலும் அந்தத் தட்டு ஓடியது.

அக்காலக் கருவியின் உள்ளே ஒரு டப்பாவில் சுருட்டப்பட்ட எஃகு வில், சில பற்சக்கரங்கள், வேகக் கட்டுப்பாட்டுக்கு ஒரு 'கவர்னர்' ஆகியவை இருந்தன. கவர்னர் என்பது மெல்லிய இலைவில்களில் பொருத்திய மூன்று எடைகள். அச்சு வேகமாகச் சுழன்றால் எடைகள் வெளிநோக்கி விரியும்; அப்போது ஒரு வட்டு நகர்ந்து பிரேக்கில் உரசி வேகத்தைக் குறைக்கும். ஒரு திருகைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கு இது புரியாத வேலையே அன்று. வில்லின் நுனி ஒடிந்தால், நுனியைச் சூடாக்கி இளக்கி, புதுத் துளையிட்டு மீண்டும் மாட்டலாம். வில்லின் நீளம் ஓரங்குலம் குறையும். பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. உறைந்துபோன கிரீசை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, காரீயத்தூள் கலந்த புதுக் கிரீஸ் தடவினால் பாதிப் பெட்டிகள் உயிர்பெற்றன. கம்பெனியின் உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்கும் தேவை மிகக் குறைவு. எஃகு ஊசி ஒன்றுதான் விதிவிலக்கு. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது கம்பெனி விதி. அதைப் பின்பற்றியவர்கள் எத்தனை பேர் என்பது அக்காலத் தட்டுகளின் தேய்மானத்தைப் பார்த்தாலே தெரியும்.

மின்சாரமும் மைக்செட்டும்

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. அதன் நீர்மின் நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. குறுவைக்கும் சம்பாவுக்கும் நீர் தந்த அணையே பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் தந்தது எனலாம். 1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. படுகை மக்கள் இசைத்தட்டு இசையை நாள்தோறும் கேட்கத் தொடங்கியது அதன் பின்னரே.

வீட்டில் கருவி வைத்திருந்தவர்களைவிட மைக்செட் வழியாகக் கேட்டவர்களே பல மடங்கு. சம்பா அறுவடை முடிந்து தை பிறந்துவிட்டால் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கும் அந்த ஒலி, வயல்களைத் தாண்டி அடுத்த ஊருக்கும் கேட்கும். மைக்செட்காரரின் ரிக்கார்டு பிளேயர் புழுதியில் இருந்தது, மாட்டு வண்டியில் குலுங்கியது, மழையில் நனைந்தது. நல்ல பழுதுநீக்குநர்கள் உருவானது இந்தத் தேவையால்தான்.

அந்தப் பிளேயர்களில் பெரும்பாலும் ரப்பர்ச் சக்கர இயக்கம் இருந்தது. மோட்டாரின் தண்டில் படிப்படியாக விட்டம் மாறும் சிறு உருளை இருக்கும். ரப்பர் விளிம்புள்ள ஒரு சக்கரம் அந்த உருளைக்கும் தட்டுமேடையின் உள்விளிம்புக்கும் இடையே அழுந்தி நின்று சுழற்சியைக் கடத்தும். 78, 45, 33⅓ சுற்று என்று குமிழைத் திருப்பும்போது அச்சக்கரம் உருளையின் வேறு படிக்கு மாறும். இந்த ஏற்பாட்டின் எதிரி ரப்பரின் முதுமை. பிளேயரை வேகக் குமிழிலேயே விட்டுவிட்டுப் பரணில் ஏற்றினால், உருளை அழுந்திய இடத்தில் ரப்பர் குழிந்துவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஓர் ஒலி. ரப்பரை லேத்தில் கொடுத்து வட்டமாகக் கடைந்து சரிசெய்வது வழக்கம். சக்கரத்தின் விட்டம் குறைந்தாலும் வேகம் மாறாது. இடையில் நிற்கும் சக்கரத்தின் அளவு கணக்கில் வராது. உருளையும் மேடை விளிம்புமே வேகத்தைத் தீர்மானிக்கும்.

இன்னொரு எதிரி ஈரம். அன்றைய மலிவான ஒலியெடுப்பான்களில் ரோஷெல் உப்புப் படிகம் இருந்தது. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் இந்தப் படிகம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரையும் தன்மையது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நெல்லுக்கே பூஞ்சை பிடிக்கும் வட்டாரத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? பின்னால் வந்த பீங்கான் வகை ஒலியெடுப்பான் இக்குறையைத் தீர்த்தது. அதை இதற்குப் பதிலாக மாட்டுவது எளிது என்பதால், பழைய பிளேயர்கள் பலவற்றில் இன்று இருப்பது அசல் படிகம் அன்று.

ஐம்பதும் அறுபதும்

படுகையிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பலர். சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் சென்ற ரஜூலா கப்பலும், அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரம் கப்பலும் மனிதர்களோடு பெட்டிகளையும் சுமந்தன. 1970களில் வளைகுடாப் பயணம் தொடங்கியது. இவ்வாறு வந்த சப்பானியக் கருவிகளால் பழுதுபார்க்கும் கடைகளுக்குப் புது வகைச் சிக்கல் வந்தது.

இந்தியாவில் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்கு 50 சுழற்சி. சிங்கப்பூரிலும் அப்படியே. ஆனால் சவூதி அரேபியாவிலும் அமெரிக்காவிலும் 60. அந்நாடுகளுக்கென்று செய்த ஒத்தியங்கு மோட்டாருள்ள கருவியை மன்னார்குடியில் ஓட்டினால், அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். 78 சுற்று 65 ஆகும். பாட்டின் சுருதி மூன்று அரைச்சுரங்களுக்குமேல் இறங்கிவிடும். மின்னழுத்தத்தை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வெண்ணை மாற்றாது. 'கரண்டு பத்தவில்லை' என்று ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டியும் பயனில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

இதற்குத் தீர்வு உருளையை ஆறில் ஒரு பங்கு அல்ல, ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்குவது. 5 மில்லிமீட்டர் விட்டமிருந்தால் 6 மில்லிமீட்டராக்க வேண்டும். எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் மோட்டார், 250 மில்லிமீட்டர் உள்விளிம்பு கொண்ட மேடையை 33⅓ சுற்றில் சுழற்ற 5.56 மில்லிமீட்டர் உருளை தேவை. லேத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வேகம் 1.8 விழுக்காடு பிசகும். அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. தம்புராவோடு சேர்த்துக் கேட்டால் சாதாரணக் காதுக்கும் தெரிந்துவிடும்.

சிப் வந்த பின்

சப்பானின் மட்சுஷிடா நிறுவனம் டெக்னிக்ஸ் முத்திரையில் 1970இல் எஸ்.பி.-10 என்ற சுழற்றியை வெளியிட்டது. இதில் ரப்பர்ச் சக்கரமும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மோட்டாரின் தண்டே மேடையின் தண்டு. மோட்டார் நிமிடத்துக்கு 33⅓ சுற்று மட்டுமே ஓட வேண்டும் என்பதால் அதை மின்னணுச் சுற்றுதான் கட்டுப்படுத்த முடியும். 1972இல் எஸ்.எல்.-1200 வந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் குவார்ட்சுப் படிகம் வேகத்தைக் காத்தது. வேக அலைவு 0.025 விழுக்காடு என்று நிறுவனம் அறிவித்தது. மேலே கண்ட லேத் உருளையின் பிசகோடு இதை ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய தாவல் என்பது விளங்கும்.

சிப் செய்யும் வேலையைப் பள்ளி மணியைக் கொண்டு விளக்கலாம். மேடை ஒரு சுற்று சுற்றும்போது அதன் அடியிலுள்ள காந்தமும் கம்பிச்சுருளும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்துடிப்புகள் தரும். எடுத்துக்காட்டாகச் சுற்றுக்கு 100 துடிப்பு என்று கொள்வோம். 33⅓ சுற்றில் நொடிக்கு 55.56 துடிப்பும், 45 சுற்றில் 75 துடிப்பும் வர வேண்டும். குவார்ட்சுப் படிகம் நொடிக்கு இலட்சக்கணக்கில் அதிர்கிறது. சிப் அதை வகுத்து வகுத்து 55.56 ஆக்கி வைத்துக்கொள்கிறது. அதுவே மணி. மேடையிலிருந்து வரும் துடிப்பு மணிக்குப் பிந்தினால் மோட்டாருக்கு மின்னோட்டத்தைக் கூட்டுகிறது, முந்தினால் குறைக்கிறது. தோஷிபாவின் டி.சி. 9142 போன்ற சிப்புகள் இந்த ஒப்பீட்டைச் செய்தன. பல நிறுவனங்களின் சுழற்றிகளில் அவை இடம்பெற்றன. மோட்டாரின் மூன்று கம்பிச்சுருள்களுக்கும் முறைவைத்து மின்னோட்டம் அனுப்ப மட்சுஷிடாவின் ஏ.என். 6675 போன்றவை இருந்தன.

இவை ஒரு பணிக்கென்றே வடிக்கப்பட்டவை. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பொதுவான டிரான்சிஸ்டர் போல, ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்று மாற்ற முடியாது. 1980களில் காசெட்டும் பின்னர் குறுந்தகடும் வந்து சுழற்றிகளின் விற்பனை வீழ்ந்ததும் இச்சிப்புகளின் உற்பத்தி முடிந்தது. டெக்னிக்ஸ் சுழற்றிகளின் உற்பத்தியே 2010இல் நிறுத்தப்பட்டது. 2016இல் எஸ்.எல்.-1200 திரும்ப வந்தபோது அதன் மோட்டாரும் கட்டுப்பாட்டுச் சுற்றும் வேறாக இருந்தன. பழைய கருவிக்கு அவை பொருந்தா. மட்சுஷிடாவின் வழிவந்த பானசோனிக் தன் அரைக்கடத்தித் தொழிலையே 2020இல் தைவானின் நுவோட்டன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

சிப் கிடைக்காதபோது

சுழற்றி வேகம் பிடிக்காமல் ஓடினாலோ, அசையாமல் நின்றாலோ 'சிப் போய்விட்டது' என்று சொல்லிவிடுவது எளிது. பல நேரம் சிப் போயிருக்காது. முதலில் பார்க்க வேண்டியது மின்வழங்கி: உரிய மின்னழுத்தம் வருகிறதா, நாற்பது ஆண்டு கடந்த மின்தேக்கிகள் உலர்ந்துவிட்டனவா என்பது. அடுத்து, வேகத்தைத் திருத்தும் சிறு குமிழ்களில் களிம்பு ஏறியிருக்கும். சாலிடர் வெடித்திருக்கும். படுகையின் ஈரத்தில், வெள்ளி முலாம் பூசிய பழைய டிரான்சிஸ்டர் கால்கள் கறுத்துப்போய்த் தொடர்பு விட்டுப்போவதும் உண்டு. இவ்வளவையும் சோதிக்காமல் சிப்பைக் கழற்றுவது, அடுப்பு எரியாததற்கு அரிசியைக் குறை சொல்வது போன்றது. மேலும் நாற்பதாண்டுப் பலகையிலிருந்து பதினாறு கால் சிப்பைக் கழற்றும்போது செம்புத் தடங்கள் பெயர்ந்துவிடும். நல்ல சிப்பும் அத்துடன் முடிந்தது.

உண்மையிலேயே சிப் கெட்டிருந்தால் வழிகள் சில உண்டு. அதே மாதிரியில் வேறு காரணத்தால் ஓடாத ஒரு சுழற்றியை வாங்கி அதன் சிப்பை எடுப்பது பழைய வழி. ஒன்றைக் கொன்று ஒன்றை வாழவைக்கும் இம்முறையில் கருவிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். அடுத்த வழி, சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடைகளிலோ பழைய இருப்பைத் தேடுவது. இங்கே போலிகள் மலிந்துள்ளன. வேறு மலிவான சிப்பின் மேற்பரப்பைச் சுரண்டி, தேவையான எண்ணை அச்சிட்டு விற்கிறார்கள். வாங்கியவருக்குப் பலகையில் பொருத்திய பிறகுதான் தெரியும். ஆகவே நேரே சாலிடர் வைக்காமல் சாக்கெட் வைத்து அதில் சிப்பைச் செருகுவது அறிவுடைமை.

மூன்றாம் வழி அண்மைக் காலத்தது. கெட்ட சிப் செய்த வேலையை ஒரு மைக்ரோகண்ட்ரோலரிடம் ஒப்படைப்பது. 2005இல் அறிமுகமான ஆர்டுயினோ பலகைகளால், தொழிற்கல்வி மாணவரும் வாங்கக்கூடிய விலையில் இது கிடைக்கிறது. துடிப்புகளை எண்ணுவது, படிகத்தோடு ஒப்பிடுவது, கூட்டிக் குறைப்பது ஆகிய அனைத்தும் நிரலாக எழுதப்படும். மோட்டாரின் கம்பிச்சுருள்களை ஓட்டும் சிப்பும் போயிருந்தால் வேலை கடினம். மூன்று சுருள்களுக்கும் தனித்தனியே டிரான்சிஸ்டர் ஏற்பாடு செய்து, சுழலியின் நிலையை உணர்ந்து முறைமாற்ற வேண்டும். ஒப்பீட்டுச் சிப் மட்டும் போயிருந்தால் சில நாள் உழைப்பில் முடியும். நிரலில் கவனிக்க வேண்டியது, திருத்தத்தை எவ்வளவு வேகமாகச் செய்வது என்பது. அவசரப்பட்டால் மேடை முன்னும் பின்னும் தடுமாறும். மந்தமானால் தட்டில் ஊசி இழுக்கும் சிறு தடையைக்கூட ஈடுசெய்யாது. ஏற்றம் இறைத்தவர் கை அறியும் பதம் போன்றது இது.

அசல் உறுப்பு இல்லாவிட்டால் கருவியின் மதிப்பே போயிற்று என்பார் உண்டு. சேகரிப்பாளரின் கண்ணாடிப் பெட்டிக்கு அது சரி. தட்டைக் கேட்க விரும்புபவருக்கு மைக்ரோகண்ட்ரோலர் ஒரு நன்மையும் செய்கிறது. எஸ்.எல்.-1200 இரண்டாம் வடிவம் உட்பட அக்காலக் குவார்ட்சுச் சுழற்றிகள் பலவற்றில் 78 சுற்றே கிடையாது. நிரலில் நொடிக்கு 130 துடிப்பு என்று ஒரு வரி சேர்த்தால் மேலே சொன்ன எடுத்துக்காட்டுக் கருவியில் 78 வந்துவிடும். 76, 80 என்று எந்த வேகமும் வரும். பழைய அரக்குத் தட்டுகளுக்கு 70 மைக்ரான் அளவில் ஊசிமுனை வேண்டும். நீண்ட நேரத் தட்டின் மெல்லிய ஊசியை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சல் மட்டுமே எழும். ஊசியையும் மாற்றினால் கருவி தன் இளமையில் செய்யாததையும் செய்யும். கழற்றிய பழைய சிப்பை உறையிலிட்டுக் கருவிக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது.

வேகமும் சுருதியும்

'78' என்பது பிற்காலத்தில் நிலைத்த எண். கிராமபோனின் முதல் கால்நூற்றாண்டில் வெட்டப்பட்ட தட்டுகள் எழுபதுக்குக் கீழும் எண்பதுக்கு மேலும் இருந்தன. தட்டில் வேகம் பெரும்பாலும் அச்சிடப்படவில்லை. நிலைத்த பிறகும், 50 சுழற்சி மின்சாரத்தில் 77 கோடுள்ள ஸ்ட்ரோப் வட்டு அசையாமல் நிற்பது 77.92 சுற்றில்தான்; 60 சுழற்சியில் 92 கோடுள்ள வட்டு நிற்பது 78.26 சுற்றில். இவ்வேறுபாடு சிறிது. தொடக்ககாலத் தட்டுகளின் வேறுபாடோ பெரிது: வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறும். இரண்டு கட்டையில் ஒலித்தது இரண்டரைக் கட்டையாகும்.

நாகசுவரத்தைப் பொறுத்தவரை இந்த அரைக்கட்டை வரலாற்றைத் திரித்துவிடும். முன்காலத்தில் வழங்கியது குட்டையான, உச்ச சுருதி கொண்ட திமிரி நாகசுவரம். ராஜரத்தினம் பிள்ளை நீளமான, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாகசுவரத்துக்கு மாறினார். அவருக்காக அதை வடிவமைத்துச் செய்தவர் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. இன்று எங்கும் ஒலிப்பது பாரியே. ஒரு பழைய தட்டில் ஒலிப்பது திமிரியா பாரியா, இடைப்பட்ட அளவா என்று கேட்டால், விடை சுழற்றியின் வேகத்தைப் பொறுத்தே அமையும். வேகம் நிச்சயமில்லாத கருவியில் ஓட்டிக் கணினியில் ஏற்றிவிட்டால், பிழையான சுருதியே அடுத்த தலைமுறைக்கு ஆவணமாகிவிடும். இணையத்தில் உலவும் பழைய பதிவுகள் பலவற்றில் எந்த வேகத்தில் ஓட்டியது என்ற குறிப்பே இல்லை.

பாடகரின் சுருதி வயதுக்கேற்ப இறங்கக்கூடியது. அதைக் கொண்டு வேகத்தை உறுதிசெய்வது கடினம். நாகசுவரமோ மரத்தில் கடைந்த குழல். ஆச்சா மரத்தின் நீளமும் துளைகளின் இடமும் மாறுவதில்லை. காவிரிக் கரை நாணலில் செய்த சீவாளியும் ஊதும் அழுத்தமும் சுருதியைச் சற்றே அசைக்கும், அவ்வளவே. நரசிங்கம்பேட்டையில் இன்றும் அக்குழல்கள் செய்யப்படுகின்றன; 2022இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேகத்தை நுணுக்கமாக மாற்றக்கூடிய சுழற்றியும், அளவு தெரிந்த ஒரு பாரி நாகசுவரமும், அதை ஊதத் தெரிந்த ஒருவரும் ஓர் அறையில் இருந்தால், தட்டை ஓட்டிக்கொண்டே ஆதார சட்சம் இரண்டும் ஒன்றும்வரை வேகத்தை நகர்த்தலாம். அந்த எண்ணைத் தட்டின் உறையில் எழுதிவைக்க ஒரு பென்சில் போதும்.